2 ஜிபி விபிஎஸ்: அப்பாச்சி மெமரி முழுவதையும் எடுத்துக்கொள்கிறது, டேட்டாபேஸ் செத்துச் செத்து விழுகிறது

1 · பழையஏடு

வணக்கம் நண்பர்களே. இரண்டு வாரமாகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன், கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

நானும் இரண்டு நண்பர்களும் ஒரு வேர்ட்பிரஸ் தளம் நடத்துகிறோம். பழைய அச்சுப் புத்தகங்களின் அட்டைகளையும் உள்பக்கச் சித்திரங்களையும் போட்டோ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதி ஏற்றுகிறோம். மூன்று மாதத்துக்கு முன்புதான் ஷேர்டு ஹோஸ்டிங்கிலிருந்து விபிஎஸ்ஸுக்கு (எங்களுக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) வந்தோம். 2 ஜிபி ரேம், ஒரு கோர், உபுண்டு. அதில் பக்கங்களை அனுப்பும் வெப் சர்வர் அப்பாச்சி, வேர்ட்பிரஸின் பிஎச்பி மொழியை அதற்குள்ளேயே ஓட்டும் மாட் பிஎச்பி, டேட்டாபேஸாக மைஎஸ்க்யூஎல் 8. ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவ டிஸ்கில் ஒதுக்கும் இடம்) கிடையாது.

ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தளம் திறக்காது. "டேட்டாபேஸ் இணைப்பில் பிழை" என்று வரும். எஸ்எஸ்எச்-இல் (தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் வழி) உள்ளே போகவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். ரீஸ்டார்ட் செய்தால் சில மணி நேரம் நன்றாக ஓடும், அப்புறம் பழையபடிதான்.

நேற்று திணறிக்கொண்டிருந்தபோது மெமரி நிலவரம் காட்டும் "ஃப்ரீ மைனஸ் எம்" அடித்துப் பார்த்தேன். எல்லாம் எம்பியில்:

மொத்தம் 1982, பயன்பாட்டில் 1760, காலி 71, பஃபர்/கேச் 151, கிடைக்கக்கூடியது 94.

ஓடிக்கொண்டிருப்பவற்றைப் பட்டியலிடும் டாப்-இல் அப்பாச்சி ப்ராசஸ் (ஓடும் பிரதி) 31 இருந்தன. ஒவ்வொன்றும் 48 முதல் 90 எம்பி வரை காட்டியது. எல்லாவற்றையும் கூட்டினால் 1922. மைஎஸ்க்யூஎல் மட்டும் 410. இரண்டும் சேர்ந்து 2332. இருப்பதே 1982 என்றால் இது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஹோஸ்டிங் நிறுவனத்தில் கேட்டால் 4 ஜிபி பிளானுக்கு மாறுங்கள் என்கிறார்கள். மாற வேண்டியதுதான் என்றால் மாறிவிடுகிறோம். ஆனால் ஏன் என்று தெரியாமல் மாற மனமில்லை.

2 · நடுநிசி

பயப்பட வேண்டாம் நண்பரே. லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமையெல்லாம் டிஸ்க் கேச்சுக்கு (டிஸ்கில் படித்ததைக் கையருகில் வைத்திருக்க) எடுத்துக்கொள்ளும். காலி என்ற இடத்தில் சின்ன எண் வருவது இயல்பு. நான் என் சர்வரில் இரவு தோறும் க்ரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி) அந்தக் கேச்சைக் காலி செய்யும் "ட்ராப் கேச்சஸ்" கட்டளை ஓட விட்டிருக்கிறேன், காலையில் பார்த்தால் ஏராளமாகக் காலியாக இருக்கும். அதைச் செய்து பாருங்கள்.

3 · முனையம்

நடுநிசி சொன்னதில் முதல் பாதி சரி. காலி என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படக் கூடாது. ஆனால் பழையஏடு கொடுத்த கணக்கில் பார்க்க வேண்டியது "கிடைக்கக்கூடியது" என்ற கடைசி எண். 2014-இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) லினக்ஸே கணக்குப் போட்டுத் தருகிற எண் இது. கேச்சில் எவ்வளவைத் திருப்பி எடுக்கலாம் என்று பார்த்து, ஸ்வாப் பக்கம் போகாமல் புது வேலைக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்று சொல்கிறது. அதுவே 94 என்றால் நெருக்கடி நிஜம். கேச் வெறும் 151-க்குச் சுருங்கிவிட்டது என்பதும் அதைத்தான் காட்டுகிறது. எஸ்எஸ்எச் திணறுவதும் இதனால்தான். புரோகிராம்களின் கோட் வரிகளைக்கூட மெமரியில் வைத்திருக்க இடமில்லாமல் டிஸ்கிலிருந்து திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறது.

நடுநிசி, கோபிக்காதீர்கள், அந்த க்ரானை எடுத்துவிடுங்கள். அந்தக் கட்டளை விடுவிப்பது, தேவை வந்தால் கெர்னல் தானாகவே விட்டுக்கொடுக்கும் பக்கங்களை (மெமரியின் சிறு துண்டுகளை) மட்டும்தான். அதைக் காலி செய்ததும் அடுத்த ஒரு மணி நேரம் எல்லாமே டிஸ்கிலிருந்து வர வேண்டியிருக்கும். காலையில் பார்க்கிற பெரிய எண்ணால் ஒரு ப்ராசஸுக்கும் பயனில்லை.

இனி 2332 எப்படி வந்தது என்ற கேள்வி. டாப் காட்டுகிற அளவு, அந்த ப்ராசஸ் ரேமில் தொட்டு வைத்திருக்கும் எல்லாப் பக்கங்களையும் எண்ணுகிறது. பல ப்ராசஸ்கள் பங்குபோட்டுக்கொள்ளும் பக்கங்களும் அதில் அடக்கம். பிஎச்பி ஓட்டத் தயாராக மாற்றிய கோட் வரிகளைச் சேமிக்கும் ஆப்கேச் ஒரே ஒரு பகிர்வுத் துண்டு. இயல்பாக அதன் அளவு 128 எம்பி. அதில் 20 எம்பியை 31 ப்ராசஸும் தொட்டிருந்தால் 31 இடத்திலும் அந்த 20 ஏறும். லைப்ரரிகளும் அப்படித்தான். ஒரே கிணற்றில் 31 வீட்டார் தண்ணீர் இறைத்தால் 31 கிணறு என்று எழுதிவைப்பது போல.

பங்கு பிரித்துக் கணக்குப் பார்க்க "பிஎஸ்எஸ்" என்ற அளவு இருக்கிறது. பகிர்ந்த பக்கத்தை எத்தனை பேர் பகிர்கிறார்களோ அத்தனையால் வகுத்து எண்ணும். "எஸ்மெம்" என்ற சின்னக் கருவியை நிறுவி ரூட்டாக ஓட்டினால் ப்ராசஸ் வாரியாகக் கிடைக்கும். அடுத்த முறை திணறும்போது அதைப் பாருங்கள். கூடவே மூன்று விஷயம் வேண்டும்: ப்ரீஃபோர்க் (அப்பாச்சி இப்போது ஓடும் முறை) கான்ஃபிக் ஃபைலில் ஒரே நேரத்தில் எத்தனை ப்ராசஸ் என்ற வரம்பான "மேக்ஸ் ரிக்வஸ்ட் வொர்க்கர்ஸ்" எவ்வளவு, கீப்அலைவ் டைம்அவுட் (இணைப்பை மூடாமல் அடுத்த கோரிக்கைக்குக் காத்திருக்கும் விநாடிகள்) எவ்வளவு, கெர்னல் லாக்கில் "அவுட் ஆஃப் மெமரி" என்று வரி இருக்கிறதா.

4 · மீன்கொத்தி

அதோடு அக்சஸ் லாக்கையும் (வந்த கோரிக்கைகளின் பதிவு) பாருங்கள் தம்பி. எந்த முகவரிக்கு எத்தனை தடவை வந்திருக்கிறார்கள் என்று எண்ணி வரிசைப்படுத்துங்கள். மெமரிப் புகாரோடு வரும் வேர்ட்பிரஸ் தளங்களில் நான் முதலில் திறப்பது இதைத்தான்.

5 · காற்றாலை

இவ்வளவு கஷ்டம் எதற்கு? அப்பாச்சியைத் தூக்கிவிட்டு என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரைப் போடுங்கள். 2004-இல் வெளிவந்ததே ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்பைத் தாங்கும் சிக்கலைத் தீர்க்கத்தான். பத்தே எம்பியில் ஓடும். என் மூன்று தளமும் 1 ஜிபியில் ஓடுகின்றன.

6 · முனையம்

காற்றாலை, என்ஜின்எக்ஸ் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தப் பத்து எம்பியில் பிஎச்பி கிடையாது. பிஎச்பி தனியே எஃப்பிஎம்மில் (பிஎச்பி ப்ராசஸ்களை நிர்வகிக்கும் தனிச் சேவை) ஓடும், மெமரி அங்கே போகும். அங்கேயும் எத்தனை ப்ராசஸ் என்ற வரம்பைத் தப்பாக வைத்தால் இதே விபத்துதான். முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம்.

7 · பழையஏடு

எல்லோருக்கும் நன்றி. இன்று மதியம் மறுபடி திணறியது, இந்தத் தடவை தயாராக இருந்தேன்.

எஸ்மெம்: அப்பாச்சி 31 ப்ராசஸ், பிஎஸ்எஸ் கூட்டுத்தொகை 1178. சராசரி 38 எம்பி, பருத்தது 46. மைஎஸ்க்யூஎல் 410. மற்றதெல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 172. கூட்டினால் 1760! நேற்றுப் பார்த்த எண்ணே வருகிறது. கணக்கு நேரானதைப் பார்த்ததும் பாதி பாரம் இறங்கியது.

மேக்ஸ் ரிக்வஸ்ட் வொர்க்கர்ஸ் 150. நான் தொட்டதே இல்லை. கீப்அலைவ் டைம்அவுட் 60. இது நான் வைத்ததுதான். தளம் வேகமாகும் என்று எங்கோ படித்து மாற்றினேன்.

கெர்னல் லாக்கில் "அவுட் ஆஃப் மெமரி" பதினோரு தடவை. பதினோரு தடவையும் கொல்லப்பட்டது மைஎஸ்க்யூஎல். அப்பாச்சிதான் நிறையத் தின்கிறது, ஏன் டேட்டாபேஸைக் கொல்கிறது?

மீன்கொத்தி அக்கா, நீங்கள் கேட்டது: நேற்றைய லாக்கில் 52,000 வரி. அதில் 31,000 "எக்ஸ்எம்எல்ஆர்பிசி" ஃபைலுக்கு (வெளிச் செயலிகள் வேர்ட்பிரஸோடு பேசும் வாசல்) வந்த போஸ்ட் கோரிக்கை, அதாவது தகவல் அனுப்பும் கோரிக்கை. நாங்கள் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை.

8 · மீன்கொத்தி

நினைத்தேன். கடவுச்சொல்லை ஊகிக்கிற பாட்கள் (தானியங்கி புரோகிராம்கள்). ஒவ்வொரு கோரிக்கைக்கும் வேர்ட்பிரஸ் முழுவதும் ஏறி, டேட்டாபேஸைத் தொட்டு, இல்லை என்று சொல்லி அனுப்புகிறது. அந்த ஃபைலை மட்டும் அப்பாச்சி கான்ஃபிக்கில் "ரிக்வயர் ஆல் டினைட்" போட்டு மூடுங்கள். பிளக்இன் வைத்து மூடினால் பிஎச்பி ஓடிய பிறகுதான் மூடும், அதில் லாபம் குறைவு. மூடும் முன் ஒன்று: செல்பேசிச் செயலி வழியாக யாராவது பதிவு போடுகிறீர்களா, ஜெட்பேக் பிளக்இன் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றுக்கு இந்த ஃபைல் வேண்டியிருக்கும்.

9 · முனையம்

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். இப்போது எல்லாம் வெளிச்சமாகிவிட்டது.

ஏன் டேட்டாபேஸ்? கெர்னல் கொல்வதற்கு ஆள் தேடும்போது ப்ராசஸ் ப்ராசஸாகத்தான் பார்க்கிறது. அப்பாச்சி மொத்தமாக 1178 தின்றாலும் தனித்தனியாக ஒவ்வொன்றும் சின்னது. மைஎஸ்க்யூஎல் ஒற்றை ஆளாக 410. கூட்டத்தில் உயரமானவர் தலையில்தான் விழுகிறது. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-இல் "ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட்" என்று ஒரு அமைப்பு இருக்கிறது. மைனஸ் 1000 முதல் 1000 வரை. மைஎஸ்க்யூஎல்லுக்கு மைனஸ் 600 கொடுத்தால் கெர்னல் வேறு யாரையாவது பார்க்கும். அதைச் செய்யலாம், ஆனால் அது கடைசித் தற்காப்பு. நெருக்கடி வராமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

முக்கியமான இடம் அந்த 150. ப்ரீஃபோர்க் முறையில் ஒரு இணைப்புக்கு ஒரு ப்ராசஸ். 150 பேர் சேர்ந்து வந்தால் 150 ப்ராசஸ். 150 பெருக்கல் 38 என்றால் 5700 எம்பி. உங்களிடம் இல்லாத மெமரியை வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறீர்கள். 4 ஜிபி வாங்கினாலும் 5700 அடங்காது. ஒரு பாட் கூட்டம் கூடுதலாக வந்தால் அங்கேயும் இதே கதிதான்.

கணக்கை இப்படிப் போடுங்கள். 1982-இல் மைஎஸ்க்யூஎல்லுக்கு 410, மற்றவற்றுக்கு 172, கேச்சும் மூச்சு விடவும் 250. மீதி 1150. அதைச் சராசரி 38-ஆல் வகுக்காதீர்கள், பருத்த 46-ஆல் வகுங்கள். 25 வரும். அதுதான் உங்கள் வரம்பு.

26-ஆவது ஆள் வந்தால் விரட்டப்படுவாரா என்று கேட்பீர்கள். இல்லை. கெர்னலின் வரிசையில் நிற்பார். அப்பாச்சி அதற்கு இயல்பாக 511 இடம் கேட்டு வைக்கிறது. ஒரு விநாடி தாமதமாகத் திறக்கும் பக்கம், திறக்கவே திறக்காத பக்கத்தைவிட எவ்வளவோ மேல்.

அந்த 60-ஐ உடனே மாற்றுங்கள். ஒருவர் பக்கத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார், அவருக்காக ஒரு முழு பிஎச்பி ப்ராசஸ் 60 விநாடி கை கட்டி நிற்கிறது. அப்பாச்சியின் இயல்பு 5. ப்ரீஃபோர்க்கில் 2 போதும்.

"மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் பெர் சைல்ட்" இயல்பில் 0, அதாவது ப்ராசஸ் எத்தனை கோரிக்கையைப் பார்த்தாலும் ஓய்வு பெறாது. அதை 500 ஆக்குங்கள். ஏதாவது பிளக்இன் கசிந்தாலும் 500 இணைப்புக்குப் பிறகு அந்த ப்ராசஸ் போய்ப் புதியது வரும்.

10 · கருவண்டு

நான் ஒரு எளிய வழி வைத்திருக்கிறேன். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்ய க்ரான். இரண்டு வருடமாகப் பிரச்சினை இல்லை.

11 · மீன்கொத்தி

கருவண்டு, உங்களுக்கு மெதுவாகக் கசிகிற சிக்கல் இருந்திருக்கலாம், அதற்கு அது தாங்கியிருக்கும். பழையஏடுவுக்கு வருவது பாட் கூட்டம். ரீஸ்டார்ட் ஆன அடுத்த நிமிடமே 31,000 கோரிக்கையும் வாசலில் நிற்கும். அதுவுமில்லாமல், பாதி ஏறிய படத்தோடு ரீஸ்டார்ட் ஆனால் அந்தப் பதிவு அரைகுறையாகப் போகும்.

12 · வேர்க்கொடி

ஸ்வாப் பற்றி யாரும் பேசவில்லையே. ஒரு ஜிபி ஸ்வாப் ஃபைல் போடுங்கள். ஃபைலை உருவாக்கி, அனுமதியை 600 ஆக்கி, "எம்கேஸ்வாப்", "ஸ்வாப்ஆன்", அப்புறம் "எஃப்எஸ்டேப்"-இல் ஒரு வரி. ஐந்து நிமிட வேலை. உங்களுடையது ஓபன்விஇசட் வகை விபிஎஸ் என்றால் உள்ளிருந்து ஸ்வாப் போட முடியாது, கெர்னல் உங்களுடையது இல்லை. சொந்தக் கெர்னல் உள்ள கேவிஎம் வகை என்றால் தாராளமாகப் போடலாம்.

13 · காற்றாலை

ஸ்வாப் போட்டால் சாவதற்குப் பதில் தவழும். வெப் சர்வரில் ஸ்வாப் கூடாது என்பது என் கருத்து. நெருக்கடி வந்தால் சட்டென்று ஒன்று செத்து மீண்டு வருவது நல்லது. அரை மணி நேரம் இழுத்துக்கொண்டு கிடந்தால் கண்காணிப்புக் கருவிக்குக்கூடத் தெரியாது.

14 · வேர்க்கொடி

நீங்கள் சொல்கிற தவழலை நானும் அனுபவித்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் அது வரம்பில்லாத 150-ஓடு ஸ்வாப் சேரும்போது வருவது. வரம்பு 25 என்று ஆன பிறகு ஸ்வாப்பின் வேலை வேறு. பூட் ஆனபோது ஒருமுறை ஓடிவிட்டு அப்புறம் அசையாமல் கிடக்கும் பக்கங்கள் எத்தனையோ உண்டு. அவை அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும், ரேம் வேலை செய்பவர்களுக்குக் கிடைக்கும். ஸ்வாப் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்கக் கூடாது. "விஎம்ஸ்டாட் 1" ஓடவிட்டு "எஸ்ஐ", "எஸ்ஓ" என்ற இரண்டு பத்தியை (ஸ்வாப்பிலிருந்து வருவதும் அதற்குப் போவதும்) பாருங்கள். அங்கே விடாமல் எண்கள் ஓடினால் ஆபத்து. பெரும்பாலும் 0 என்றால் ஸ்வாப்பில் 200 எம்பி கிடந்தாலும் கவலையில்லை. ஸ்வாப்புக்குத் தள்ளும் நாட்டத்தைக் குறிக்கும் ஸ்வாப்பினஸ் இயல்பில் 60, அதை 10 ஆக்கலாம்.

15 · முனையம்

இதில் நான் வேர்க்கொடி பக்கம். வரம்பை முதலில் வைத்துவிட்டு ஸ்வாப் போடுங்கள், வரிசை மாற வேண்டாம்.

16 · பழையஏடு

செய்துவிட்டேன். ப்ராசஸ் வரம்பு 25, கீப்அலைவ் 2, பெர் சைல்ட் 500. எக்ஸ்எம்எல்ஆர்பிசி மூடியாயிற்று. ஒரு ஜிபி ஸ்வாப். மைஎஸ்க்யூஎல்லுக்கு மைனஸ் 600 இன்னும் கொடுக்கவில்லை.

மூன்று நாளாக ஒரு தடவைகூட விழவில்லை. கிடைக்கக்கூடியது 700-க்குக் கீழே இறங்கவில்லை. பாட்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன, ஆனால் 403 (அனுமதி மறுப்பு) வாங்கிக்கொண்டு நொடியில் போய்விடுகின்றன. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

17 · பழையஏடு

அவசரப்பட்டு நன்றி சொல்லிவிட்டேன். ஐந்தாம் நாள் இரவு 11.40-க்கு மறுபடி டேட்டாபேஸ் போயிற்று. அந்த நேரத்தில் லாக்கில் பாட் நெருக்கடியும் இல்லை. அப்பாச்சி ப்ராசஸ் 9 தான் இருந்திருக்கிறது. கெர்னல் லாக் அட்டவணையில் ஆர்எஸ்எஸ் (ரேமில் இருக்கும் அளவு) பத்தியில் மூன்று அப்பாச்சி ப்ராசஸ்களுக்கு 84,000 சொச்சம் காட்டுகிறது. அதாவது 84 எம்பி. மற்றவை பன்னிரண்டாயிரம், பதினாலாயிரம். மைஎஸ்க்யூஎல் 1,05,000. எல்லாவற்றையும் கூட்டினால் 500 எம்பிகூட வரவில்லை. ஸ்வாப்பும் நிறைந்திருக்கிறது. எனக்குத் தலை சுற்றுகிறது.

18 · முனையம்

அந்த அட்டவணையில் ஆர்எஸ்எஸ் பத்தி கேபி கணக்கில் இல்லை. பக்கக் கணக்கு. ஒரு பக்கம் 4 கேபி. கீழே "கொல்லப்பட்டது" என்று வரும் கடைசி வரியில் மட்டும்தான் கேபியில் எழுதும். இதில் நானும் பல வருடத்துக்கு முன்பு ஒரு இரவு முழுக்கத் தடுமாறியிருக்கிறேன்.

1,05,000 பெருக்கல் 4 என்றால் 4,20,000 கேபி, ஏறத்தாழ 410 எம்பி. உங்கள் பழைய மைஎஸ்க்யூஎல் எண்ணோடு பொருந்துகிறது பாருங்கள். அப்படியானால் 84,000 என்பது 328 எம்பி. மூன்று அப்பாச்சி ப்ராசஸ், ஒவ்வொன்றும் 328. ஸ்வாப்புக்குப் போனது இதில் சேராது, அதையும் சேர்த்தால் இன்னும் பெரியவை.

38 எம்பி ப்ராசஸ் எதற்கு 328 ஆகும்? அந்த இரவு 11.40-க்கு முந்தைய ஐந்து நிமிட அக்சஸ் லாக்கில் போஸ்ட் கோரிக்கைகளை மட்டும் எடுத்துப் போடுங்கள்.

19 · பழையஏடு

அண்ணா, கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். 11.36 முதல் 11.40 வரை படம் ஏற்ற வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் "அசின்க் அப்லோட்" ஃபைலுக்கு வரிசையாகப் போஸ்ட். அன்று இரவு நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து ஒரு படத்தொகுப்பை ஏற்றிக்கொண்டிருந்தோம். கேமராவிலிருந்து நேரே எடுத்த ஜேபெக். ஒவ்வொன்றும் 7 எம்பிதான். பிஎச்பியின் மெமரி லிமிட் 128 என்றுதான் இருக்கிறது, அதைத் தாண்டி எப்படி 328 போகும்?

20 · மீன்கொத்தி

படத்தின் அளவு பிக்சலில் எவ்வளவு?

21 · பழையஏடு

6000 க்கு 4000.

22 · மீன்கொத்தி

7 எம்பி என்பது சுருட்டி மடித்த அளவு. சிறுபடம் செய்ய வேண்டுமானால் முழுதாக விரித்தாக வேண்டும். 6000 பெருக்கல் 4000 என்றால் 2 கோடியே 40 லட்சம் பிக்சல். படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் லைப்ரரியின் 16 பிட் பதிப்பு ஒரு பிக்சலுக்கு நான்கு அலைவரிசை, ஒவ்வொன்றுக்கும் 2 பைட், ஆக 8 பைட் எடுத்துக்கொள்ளும். 19 கோடியே 20 லட்சம் பைட். ஏறக்குறைய 183 எம்பி. இது மூலப்படத்துக்கு மட்டும். அளவு மாற்றும்போது இன்னொரு பிரதி வரும், அது போக பிஎச்பி, வேர்ட்பிரஸ். 328 வந்ததில் ஆச்சரியமே இல்லை.

மெமரி லிமிட் ஏன் தடுக்கவில்லை என்றால், அது பிஎச்பி தன் கையால் ஒதுக்கும் மெமரியை மட்டும்தான் எண்ணும். இமேஜ்மேஜிக்கைப் பிஎச்பியோடு இணைக்கும் இமேஜிக் நீட்சி சர்வரில் இருந்தால் வேர்ட்பிரஸ் அதைத்தான் முதலில் எடுக்கும். இமேஜ்மேஜிக் லைப்ரரி நேராகச் சிஸ்டத்திடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது, பிஎச்பிக்கு அது தெரியாது. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தும் விடும். அதனால்தான் நீங்கள் பகலில் எஸ்மெம் அடித்தபோது பருத்ததே 46 என்று காட்டியது.

இமேஜ்மேஜிக்குக்கு "பாலிசி" என்று ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கிறது. அதில் மெமரி வரம்பை 64 எம்பி, மேப் வரம்பை 128 எம்பி என்று வையுங்கள். அதைத் தாண்டினால் டிஸ்கில் எழுதி வேலை செய்யும். படம் ஏற நேரமாகும், ஆனால் ஏறிவிடும். இன்னும் நல்லது, ஏற்றும் முன்பே உங்கள் கணினியில் அகலத்தை 2560-க்குக் குறைத்துக்கொள்வது. வேர்ட்பிரஸ் 5.3-இலிருந்து பெரிய படங்களை எப்படியும் 2560-க்குக் குறைத்துத்தான் தளத்தில் காட்டுகிறது. மூலப்படத்தை ஆவணமாகக் காக்க வேண்டுமானால் வேறு இடத்தில் சேமியுங்கள். இத்தனை பாடுபட்டு எடுத்த படங்களுக்கு ஒரே பிரதி வெப் சர்வரில் மட்டும் இருப்பது எனக்குப் பதைப்பாக இருக்கிறது.

23 · முனையம்

மீன்கொத்தி சொன்னதை இன்றே செய்யுங்கள். அதற்குப் பிறகு நிதானமாகச் செய்ய இன்னொன்று உண்டு. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இப்போதுதான் இதற்கான காரணம் நன்றாகப் புரியும்.

மாட் பிஎச்பி முறையில் ஒரு சின்ன ஐகானை அனுப்புகிற ப்ராசஸும் பிஎச்பி முழுவதையும் சுமந்துகொண்டு நிற்கிறது. உங்கள் தளத்தில் ஒரு பக்கத்தைத் திறந்தால் நாற்பது படம் போகும். அப்பாச்சியை ஈவென்ட் முறைக்கு மாற்றி, பிஎச்பியை எஃப்பிஎம்முக்குத் தள்ளிவிட்டால் படங்களை லேசான த்ரெட்கள் (ஒரே ப்ராசஸுக்குள் ஓடும் இழைகள்) பார்த்துக்கொள்ளும். கீப்அலைவ் இணைப்புகளுக்காக ஒரு த்ரெட்டும் காத்து நிற்காது. பிஎச்பிக்கு எட்டே ப்ராசஸ் போதும். ஒரே கோர் வைத்துக்கொண்டு 25 பிஎச்பி ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றும் சீக்கிரம் முடியாது, எல்லாம் சேர்ந்து தாமதமாகும். காற்றாலை சொன்ன லாபத்தில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும், எச்டிஆக்சஸ் ஃபைல்களை (தளத்தின் அப்பாச்சி அமைப்புகள்) மாற்றி எழுத வேண்டியதில்லை.

எஃப்பிஎம்மில் "மேக்ஸ் சில்ட்ரன்" இயல்பு 5. 8 வையுங்கள். வரம்பைத் தொட்டால் எஃப்பிஎம் லாக்கில் அதைக் கூட்டச் சொல்லி ஒரு எச்சரிக்கை வரும். லாக் சொல்கிறதே என்று உடனே 50 ஆக்கிவிடாதீர்கள். எஃப்பிஎம்முக்கு உங்கள் ரேம் எவ்வளவு என்று தெரியாது. மறுபடி அதே வகுத்தல் கணக்கைப் போட்டுவிட்டுக் கூட்டுங்கள்.

24 · காற்றாலை

இதை ஒப்புக்கொள்கிறேன். நான் என்ஜின்எக்ஸுக்கு மாறியபோது கிடைத்த லாபத்தில் எவ்வளவு எஃப்பிஎம்மால் வந்தது என்று இப்போதுதான் யோசிக்கிறேன். ஒரு எச்சரிக்கை: எச்டிஆக்சஸ் ஃபைலில் "பிஎச்பி வேல்யூ" என்று ஆரம்பிக்கும் வரிகள் இருந்தால் மாறிய கணமே தளம் முழுக்க 500 பிழை வரும். அந்த வரிகள் மாட் பிஎச்பிக்கு மட்டும்தான் புரியும். அவற்றை எடுத்து "டாட் யூசர் டாட் ஐஎன்ஐ" ஃபைலில் போடுங்கள்.

25 · பழையஏடு

காற்றாலை, நீங்கள் சொல்லியிராவிட்டால் நான் பயந்து பழையதற்கே திரும்பியிருப்பேன். எங்கள் ஃபைலில் அப்படி நான்கு வரி இருந்தன. எடுத்து வைத்துவிட்டுத்தான் மாறினேன்.

பாலிசி ஃபைல் மாற்றிய பிறகு வேண்டுமென்றே மூன்று பேரும் ஒரே நேரத்தில் 6000 க்கு 4000 படங்களை ஏற்றிப் பார்த்தோம். நான் விஎம்ஸ்டாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு படத்துக்கு முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது, ஆனால் எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் கொஞ்சம் அசைந்து மறுபடி 0-க்கு வந்துவிட்டன. டேட்டாபேஸ் விழாமல் தாக்குப்பிடித்தது.

மைஎஸ்க்யூஎல் 8-இல் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா (டேட்டாபேஸின் செயல்பாட்டை அளந்து வைக்கும் பகுதி) இயல்பாகவே ஓடும் என்று தேடியபோது தெரிந்தது. எங்களுக்கு அதைப் பார்க்கத் தெரியாது, அணைத்துவிட்டேன். 410-லிருந்து 290-க்கு இறங்கியது.

இன்று பதினெட்டாம் நாள். இப்போதைய ஃப்ரீ: மொத்தம் 1982, பயன்பாட்டில் 1010, காலி 180, பஃபர்/கேச் 792, கிடைக்கக்கூடியது 806. ஸ்வாப்பில் 140 கிடக்கிறது, அசையவில்லை. எஃப்பிஎம் ப்ராசஸ்கள் ஒவ்வொன்றும் பிஎஸ்எஸ் கணக்கில் 52. பிளான் அதே 2 ஜிபிதான்.

மூலப்படங்களை இரண்டு தனி டிஸ்கில் நகலெடுக்க ஆரம்பித்துவிட்டோம், மீன்கொத்தி அக்கா. பாதி முடிந்திருக்கிறது.

26 · நடுநிசி

என் க்ரானை எடுத்துவிட்டேன். காலையில் முதல் ஆள் வரும்போது பக்கம் மெதுவாகத் திறக்கிறது என்று பல மாதமாகப் புகார் இருந்தது, அது நின்றுவிட்டது. இரண்டையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை. நன்றி முனையம்.

27 · மீன்கொத்தி

மகிழ்ச்சி தம்பி. ஒன்றை மட்டும் குறித்து வையுங்கள்: இமேஜ்மேஜிக் பாக்கேஜ் அப்டேட் ஆகும்போது பாலிசி ஃபைலைப் புதியதால் மாற்றவா என்று கேட்கும். பழையதையே வைத்துக்கொள் என்று சொல்லுங்கள். அப்டேட் முடிந்ததும் ஒருமுறை அந்த ஃபைலைத் திறந்து 64 இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.